ஷட்டர் ரிமோட்டுக்கு பைக் பேட்டரியிலிருந்து மின்சாரம்: பாஸ் லைட் சுவிட்சில் இணைக்கலாமா?

லாஸ்பேட்டை வாசி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு வண்டி ஷெட்டுக்கு மோட்டார் வைத்த ரோலிங் ஷட்டர் போட்டிருக்கிறோம். அதனுடன் வந்த ரிமோட்டில் மேலே, நிறுத்து, கீழே, பூட்டு என நான்கு பொத்தான்கள் உள்ளன. தெரு குறுகலானது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டியைத் தெருவிலேயே நிறுத்தி, மழைக்கோட்டுக்குள் கைவிட்டு ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். எனவே ஒரு ரிமோட்டை வண்டியிலேயே நிலையாகப் பொருத்தி, வண்டி பேட்டரியிலிருந்தே அதற்கு மின்சாரம் கொடுத்து, ஹைபீமை ஒரு கணம் மின்ன வைக்கும் பாஸ் லைட் சுவிட்சை அழுத்தினால் ஷட்டர் மேலே ஏறும்படி செய்ய விரும்புகிறேன்.

ரிமோட்டைத் திறந்து பார்த்ததில், உள்ளே 23ஏ என்ற சிறிய 12 வோல்ட் பேட்டரியும், எச்சிஎஸ்301 என்று எழுதிய எட்டுக் கால் ஐசியும் இருக்கின்றன. வண்டியும் 12 வோல்ட், ரிமோட்டும் 12 வோல்ட். ஆகவே ‘மேலே’ பொத்தானின் இரு முனைகளையும் சால்டர் வைத்து நிலையாக இணைத்துவிட்டு, பேட்டரி முனைகளுக்கு ஹைபீம் ஒயரிலிருந்தும் எர்த்திலிருந்தும் மின்சாரம் கொடுத்தால் போதும் என்று தோன்றுகிறது. பாஸ் லைட் எரியும் நேரத்தில் மட்டும் ரிமோட்டுக்கு மின்சாரம் கிடைக்கும். கைப்பிடியில் புதிய பொத்தான் எதுவும் தேவைப்படாது. வண்டி 2016ஆம் ஆண்டு வாங்கிய 150 சிசி, கார்புரேட்டர் உள்ளது, ஹெட்லைட் ஹாலஜன் பல்பு. இந்த இணைப்பில் நான் கவனிக்கத் தவறிய ஆபத்து ஏதும் உண்டா என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதுநகர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்

தம்பி, நீங்கள் சொல்லும் இணைப்பைப் பலர் செய்திருக்கிறார்கள். முதல் நாள் அது வேலையும் செய்யும். ஆனால் வண்டியின் 12 வோல்ட் என்பது பெயரளவில்தான் 12 வோல்ட். இஞ்சின் ஓடாதபோது நல்ல பேட்டரியில் 12.6 வரை இருக்கும். இஞ்சின் ஓடும்போது ரெகுலேட்டர் ரெக்டிஃபயர் அதை 13.8 முதல் 14.5 வரை ஏற்றிவிடும், ஏனென்றால் அந்த அளவு இல்லாமல் பேட்டரி சார்ஜ் ஆகாது. மல்டிமீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்து ஆக்சிலரேட்டரை முறுக்கினால் நீங்களே பார்க்கலாம். இதைவிட மோசமானது, ஓடும் வண்டியில் பேட்டரி முனை தளர்ந்து ஒரு கணம் விட்டுப்போவது. அப்போது இஞ்சினோடு சுழன்று மின்சாரம் தயாரிக்கும் மேக்னெட்டோவிலிருந்து வரும் மின்சாரத்தை உள்வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் போவதால் வோல்டேஜ் பல மடங்கு துள்ளும். கடற்கரை ஊர்களில் பேட்டரி முனையில் பச்சை பூத்துத் தளர்வது சாதாரணமாக நடப்பதால், இதை ஏதோ எப்போதாவது வரும் கோளாறு என்று ஒதுக்க முடியாது.

இரண்டாவது, உங்கள் வண்டியின் ஹெட்லைட் எங்கிருந்து எரிகிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். 2017 ஏப்ரலில் ஹெட்லைட் எப்போதும் எரிந்தபடி இருக்க வேண்டும் என்ற விதி வருவதற்கு முன் விற்ற பல வண்டிகளில், ஹெட்லைட்டுக்கு மேக்னெட்டோ காயிலிலிருந்து நேரடியாக ஏசி, அதாவது மாறுதிசை மின்சாரம், போகும். ஹாரன், இண்டிகேட்டர் முதலியவை மட்டுமே பேட்டரியில் ஓடும். சாவியை ஆன் செய்து, இஞ்சினை ஓட்டாமல், ஹைபீமைப் போட்டுப் பாருங்கள். எரிந்தால் அது பேட்டரி மின்சாரம். எரியாமல், இஞ்சின் ஓடும்போது மட்டும் எரிந்து, முறுக்க முறுக்க வெளிச்சம் கூடினால் அது ஏசி; அந்த ஒயரை ரிமோட்டில் கொண்டுபோய் வைத்தால் ஐசி உடனே போய்விடும்.

மூன்றாவது, பாஸ் சுவிட்சும், ஹைபீம் லோபீம் மாற்றும் டிப்பர் சுவிட்சும் வேறு வேறாக இருந்தாலும், இரண்டும் போய்ச் சேர்வது ஹைபீம் இழைக்குச் செல்லும் ஒரே ஒயரில்தான். அந்த ஒயரில் ரிமோட்டை இணைத்தால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் ஹைபீம் போட்டுப் போகும் நேரம் முழுவதும் ரிமோட்டும் அலை அனுப்பிக்கொண்டே வரும்.

காலாப்பட்டு ஆசிரியர்

முதுநகர் நண்பர் சொன்னவை அனைத்தும் சரி. அவற்றோடு, உங்கள் ரிமோட்டின் ஐசியைப் பற்றிச் சில தகவல்களைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் பாஸ் லைட் யோசனை உங்களுக்கு ஏன் பொருந்தாது என்பதற்கான முக்கியக் காரணம் அதில்தான் இருக்கிறது.

எச்சிஎஸ்301 என்பது மைக்ரோசிப் நிறுவனத்தின் கீலாக் வகை ஐசி. அது இயங்கும் வோல்டேஜ் வரம்பு 3.5 முதல் 13 வரை. எனவே இஞ்சின் ஓடும்போது உள்ள 14.4 வோல்ட் அதன் எல்லையைத் தாண்டியது. உடனே எரியாமல் சில மாதங்கள் தாக்குப்பிடிக்கக்கூடும். அதனாலேயே ‘நேரடியாகக் கொடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை’ என்று சிலர் எழுதுகிறார்கள். எப்போதும் ஒரே குறியீட்டை அனுப்பும் பழைய நிலைக்குறியீட்டு ரிமோட்டுகளில் வரும் பிடி2262 ஐசி 15 வோல்ட் வரை தாங்கும் என்பதும் அந்த அனுபவங்களுக்கு இன்னொரு காரணம். ஐசியின் பெயரைப் பார்க்காமல் ஒருவருடைய அனுபவத்தை இன்னொருவருடைய ரிமோட்டுக்குப் பொருத்தக் கூடாது.

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறேன். இந்த வகை ரிமோட் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் வேறு வேறு குறியீட்டை அனுப்பும்; இதைத்தான் ரோலிங் கோட் என்கிறோம். உள்ளே 16 பிட் எண்ணி (கவுன்ட்டர்) ஒன்று இருக்கிறது. ஒவ்வோர் அழுத்தத்துக்கும் அது ஒன்று கூடும், கூடிய எண்ணை மறையாக்கம் செய்துதான் அனுப்பும். ஷட்டர் பக்கம் உள்ள ரிசீவர், தான் கடைசியாகக் கேட்ட எண்ணை நினைவில் வைத்திருக்கிறது. புதிதாக வரும் எண் அதற்கு அடுத்த 16க்குள் இருந்தால் உடனே திறக்கும். 16ஐத் தாண்டி, ஆனால் 32,768க்குள் இருந்தால் உடனே திறக்காது. அடுத்தடுத்து இரண்டு குறியீடுகளைக் கேட்டு, அவை வரிசையாக இருப்பதை உறுதி செய்த பிறகே ஏற்றுக்கொள்ளும். அதையும் தாண்டிப் போய்விட்டால் அந்த ரிமோட்டை மீண்டும் ரிசீவரில் பதிய வைத்தாக வேண்டும்.

இதை நம் ஊர்ச் சாலையோடு வைத்துப் பாருங்கள். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் வழியாகக் கடலூர் போய் வரும் ஒருவர், ஓவர்டேக் செய்யவும் எதிரே வளைந்து வரும் வண்டியை எச்சரிக்கவும் எத்தனை முறை பாஸ் லைட் அடிப்பார்? போகவர 16 முறை என்பது எளிதில் தாண்டிவிடக்கூடிய எண்ணிக்கை. ரிசீவரின் காதுக்கு எட்டாத தூரத்தில் அந்த எண்கள் அனைத்தும் வீணாகச் செலவாகும். வீட்டு வாசலுக்கு வந்து ஒரு முறை அழுத்தினால் ஷட்டர் அசையாது. இரண்டாம் முறைதான் அசையும். சில நாள் ஒரே அழுத்தத்தில் திறக்கும், சில நாள் திறக்காது. காரணம் தெரியாதவர் ரிசீவரையும் ஆன்டெனாவையும் மாற்றிப் பார்த்துப் பணத்தைச் செலவழிப்பார். ஆகவே ரோலிங் கோட் ரிமோட்டுக்குத் தனிப் பொத்தான் வைப்பதே முறை. சாலையில் அடிக்கடி பயன்படும் எந்தச் சுவிட்சோடும் அதைச் சேர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பாதிரிப்புலியூர் புல்லட்

மரியாதையுடன் ஒரு மாற்றுக் கருத்து. நான் என் புல்லட்டில் கேட் ரிமோட்டைப் பாஸ் லைட்டோடுதான் இணைத்திருக்கிறேன். இன்றுவரை தொல்லை இல்லை. என்னுடையது நிலைக்குறியீட்டு ரிமோட் என்பதால் எண்ணிச் சிக்கல் எனக்கு வராது என்று ஆசிரியர் எழுதியதிலிருந்து புரிந்துகொள்கிறேன். ஆனாலும் கையுறையோடும் நனைந்த விரலோடும் தேட வேண்டாத ஒரே சுவிட்ச் அதுதான். கைப்பிடியில் தனியாக வைக்கும் மலிவான பொத்தான்கள் உப்புக் காற்றில் ஒரு மழைக்காலம் தாங்குவதில்லை. வண்டி நிறுவனம் பொருத்திய சுவிட்ச் பல ஆண்டுகள் தாங்குகிறது.

லாஸ்பேட்டை நண்பருக்கு ஒரு யோசனை. கார்புரேட்டர் வண்டியில் நியூட்ரல் சுவிட்ச் என்ன செய்கிறது? கியர் நியூட்ரலில் இருக்கும்போது ஒரு ஒயரை எர்த்தோடு சேர்க்கிறது; அதனால் பச்சை விளக்கு எரிகிறது. ரிமோட்டின் எர்த் முனையை நேராக சேசிஸுக்குக் கொடுக்காமல் அந்த நியூட்ரல் ஒயரில் கொடுத்தால், வண்டி நியூட்ரலில் நிற்கும்போது அடிக்கும் பாஸ் லைட் மட்டுமே ரிமோட்டை இயக்கும். ஓவர்டேக் செய்யும்போது யாரும் நியூட்ரலில் போவதில்லை. வீட்டு வாசலில் நிற்கும்போது நியூட்ரல் போடுவது இயல்பு. எண்ணி வீணாகும் சிக்கல் இதில் பெருமளவு தீர்ந்துவிடுமே?

தனி பேட்டரி வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வதற்கு முன் அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சிறிய 23ஏ பேட்டரி இந்த ஊர் ஈரத்தில் கசிந்து, பலகையின் செம்புத் தடத்தை அரித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். வண்டியில் பொருத்தும் ரிமோட்டுக்கு வண்டி மின்சாரமே சரி.

முதுநகர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்

நியூட்ரல் யோசனை நல்ல யோசனைதான். ஆனால் அதில் ஒரு பின்வழி இருக்கிறது. நியூட்ரல் விளக்கின் ஒரு முனைக்கு எப்போதும் சாவி வழி பாசிட்டிவ் வந்துகொண்டிருக்கும். வண்டி கியரில் இருக்கும்போது நியூட்ரல் ஒயர் எர்த்தை விட்டு விலகிவிடுவதால், அந்தப் பாசிட்டிவ் விளக்கு வழியாக இறங்கி, ரிமோட்டின் எர்த் முனைக்குள் நுழைந்து, அதன் பாசிட்டிவ் முனை வழியாக வெளியேறி, ஹைபீம் இழை வழியாக எர்த்தை அடையும். அதாவது ரிமோட்டுக்குத் தலைகீழாக மின்சாரம் பாயும். ரிமோட்டின் பாசிட்டிவ் ஒயரில், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு 1என்4007 டையோடு போட்டால் இது தடுக்கப்படும். டையோடு இல்லாமல் இந்த முறையை யாரும் செய்துவிட வேண்டாம்.

அதோடு, இது பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்கு மட்டுமே. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு வெளிவந்த மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். அவற்றில் நியூட்ரல் ஒயர், இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவுக்கும் போகிறது. சைடு ஸ்டாண்டு, கிளட்ச், நியூட்ரல் மூன்றையும் பார்த்துத்தான் இஞ்சினை ஓடவிடலாமா என்று அது முடிவு செய்கிறது. அந்த ஒயரில் நம் இணைப்பு ஈரத்தில் கசிந்தால் வண்டி கியரில் இருக்கும்போதே நியூட்ரல் என்று இசியூ எண்ணிக்கொள்ள நேரும். ஒரு ஷட்டரைத் திறப்பதற்காக அந்தப் பாதுகாப்பில் கைவைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். புதிய எல்இடி ஹெட்லைட் வண்டிகள் சிலவற்றில் பாஸ் சுவிட்சே பல்புக்கு மின்சாரம் அனுப்புவதில்லை; கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சிக்னல் மட்டும் அனுப்புகிறது. அங்கும் ஒயரை வெட்டிச் சேர்க்கக் கூடாது.

வில்லியனூர் ஷட்டர் வேலை

ஷட்டர், கேட் மோட்டார் பொருத்துவது என் தொழில். வண்டிப் பக்கத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். ஷட்டர் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வண்டியில் ‘மேலே’ பொத்தானை மட்டும் இணையுங்கள். ‘கீழே’ பொத்தானை எக்காரணத்தைக் கொண்டும் இணைக்காதீர்கள். வீடுகளில் போடும் ரோலிங் ஷட்டர் மோட்டார்களில் பெரும்பாலும் தடையை உணரும் கருவி இருப்பதில்லை. கீழே ஒரு குழந்தையோ நாயோ இருந்தாலும் அது இறங்கிக்கொண்டேதான் இருக்கும். உள்ளே வண்டியை நிறுத்திய பிறகு, இறங்கி, ஷட்டரைப் பார்த்தபடி, சுவர்ச் சுவிட்சைக் கொண்டு மூடுவதுதான் பாதுகாப்பு. கேட் மோட்டார்களில் இன்னொரு வகை உண்டு: ஒரே பொத்தானை முதல் முறை அழுத்தினால் திறக்கும், அடுத்து நிற்கும், அடுத்து மூடும். அப்படிப்பட்ட ரிசீவர் இருந்தால், திறக்க மட்டும் ஒரு தனிச் சேனலை ஒதுக்கும்படி பொருத்தியவரிடம் கேளுங்கள். ஒளிக்கதிர் சென்சாரும் போட்டுக்கொள்ளுங்கள்.

கையில் இருக்கும் ஒரே ரிமோட்டைப் பிரித்து வண்டியில் வைத்துவிடாதீர்கள். அதே வகையில் இன்னொன்று வாங்கி, ரிசீவரின் கற்றல் பொத்தானை அழுத்திப் பதிந்துகொள்ளுங்கள். கடைகளில் ‘காப்பி ரிமோட்’ என்று விற்பவை நிலைக்குறியீட்டைத்தான் நகலெடுக்கும். ரோலிங் கோடை அப்படி நகலெடுக்க முடியாது, ரிசீவரில் பதிந்தே ஆக வேண்டும்.

வண்டி திருடுபோனாலோ விற்றாலோ, வீட்டுச் சாவியும் அதோடு போகிறது. அன்றைக்கே ரிசீவரின் கற்றல் பொத்தானை விளக்கு அணையும் வரை அழுத்திப் பிடித்து எல்லா ரிமோட்டுகளையும் அழித்துவிட்டு, கையில் உள்ளவற்றை மட்டும் மறுபடி பதியுங்கள். பெரும்பாலான ரிசீவர்களில் ஒரே ஒரு ரிமோட்டை மட்டும் தனியாக அழிக்கும் வசதி இருக்காது. சர்வீசுக்கு விடும்போதும் இதை நினைவில் வையுங்கள். முகவரி எழுதிய ஜாப் கார்டும் ஷட்டரைத் திறக்கும் வண்டியும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

மின்சாரம் இல்லாதபோது ரிமோட் எதுவும் பயன்படாது என்பதையும் மறக்கக் கூடாது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பல தெருக்களில் தண்ணீரும் இருட்டும் சேர்ந்துகொண்டன. மோட்டாரைக் கையால் இயக்கும் சங்கிலி உள்ளேயே தொங்கும். ஷெட்டுக்கு வேறு கதவு இல்லாதவர்கள் வெளியிலிருந்து விடுவிக்கும் பூட்டு ஒன்றைக் கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும்.

லாஸ்பேட்டை வாசி

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. முதுநகர் அண்ணன் சொன்னபடி சோதித்தேன். இஞ்சின் ஓடாதபோது என் வண்டியில் ஹைபீம் எரியவில்லை. ஆகவே பாஸ் லைட் ஒயர் என்ற யோசனையை விட்டுவிடுகிறேன். தனிப் பொத்தான், இரண்டாவது ரிமோட், ‘மேலே’ மட்டும் என்பது வரை தெளிவாகிவிட்டது. மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது, 14 வோல்ட்டை எப்படிக் குறைப்பது, ரிமோட்டை எங்கே வைப்பது என்பவை மட்டும் மீதி. ரிமோட்டின் சொந்த பேட்டரியையே வைத்துக்கொண்டு பொத்தானுக்கு மட்டும் ஒயர் இழுத்தால் போதாதா என்ற எண்ணமும் வருகிறது.

காலாப்பட்டு ஆசிரியர்

கடைசியாகக் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சொந்த பேட்டரியே போதும். கணக்கும் அதற்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. 23ஏ பேட்டரியின் கொள்ளளவு ஏறக்குறைய 55 மில்லியாம்பியர் மணி. அனுப்பும்போது ரிமோட் 10 மில்லியாம்பியர் எடுக்கிறது என்றும், நாளுக்கு நான்கு முறை, முறைக்கு இரண்டு விநாடி அழுத்துகிறோம் என்றும் வைத்துக்கொண்டால், ஏட்டுக் கணக்கில் ஆறு ஆண்டுகளுக்கு மேல் வரும். பயன்பாட்டினால் அது தீர்வதற்கு முன் வயதினாலும் வெப்பத்தினாலும்தான் தீரும். வண்டி ஒயரிங்கைத் தொட விரும்பாதவர்களுக்கும், வாரண்டியில் உள்ள வண்டிக்காரர்களுக்கும் இதுவே நேரான வழி.

ஆனால் அதில் ஒரு குறை உண்டு, அதை இங்கே யாரும் இன்னும் சொல்லவில்லை. சொந்த பேட்டரியில் ஓடும் ரிமோட்டுக்குச் சாவி தேவையில்லை. தெருவில் நிறுத்திய வண்டியின் பொத்தானை எவர் வேண்டுமானாலும் அழுத்தி ஷட்டரைத் திறந்துவிடலாம். சாவி வழியாக மின்சாரம் கொடுத்தால் சாவி இல்லாதபோது பொத்தான் செத்துக் கிடக்கும். பாதிரிப்புலியூர் நண்பர் சொன்ன பேட்டரிக் கசிவும் உண்மையான சிக்கல்தான். எனவே உங்கள் நிலைமையில் நான் வண்டி மின்சாரத்தையே தேர்ந்தெடுப்பேன்.

வோல்டேஜைக் குறைப்பதற்கு 78எல்12 என்ற சிறிய ரெகுலேட்டர் போதும். அது 100 மில்லியாம்பியர் தரும், ரிமோட்டுக்கு அதில் பத்தில் ஒரு பங்கே வேண்டும். ‘12 வோல்ட் வெளியே வர உள்ளே 14 வேண்டுமே, இஞ்சின் ஓடாதபோது என்ன ஆகும்’ என்று கேட்கலாம். அப்போது டையோடிலும் ரெகுலேட்டரிலும் இழந்தது போக 10 வோல்ட் அளவில் கிடைக்கும். ஐசியின் வரம்பு 3.5இலிருந்து தொடங்குவதால் அதனால் தீங்கில்லை. வீச்சு மட்டும் சற்றுக் குறையும். மேல் பக்கத்தில் 12.5ஐத் தாண்டாது என்பதே நமக்குத் தேவையான உத்தரவாதம்.

இணைப்பு வரிசை இதுதான். சாவிக்குப் பின் வரும் பாசிட்டிவ், அடுத்து ஃபியூஸ், அடுத்து 1என்4007 டையோடு. டையோடுக்குப் பின்னால் பாசிட்டிவுக்கும் எர்த்துக்கும் குறுக்கே பி6கேஇ18ஏ என்ற துள்ளல் தடுப்பு டையோடு. அது இயல்பான 14.5இல் பேசாமல் இருக்கும். துள்ளல் வரும்போது ஏறத்தாழ 25 வோல்ட்டில் அதைப் பிடித்து நிறுத்தும். 78எல்12 உள்ளே 35 வோல்ட் வரை தாங்கும் என்பதால் இரண்டும் பொருந்தும். அதே இடத்தில் 50 வோல்ட் தாங்கும் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும், ரெகுலேட்டரின் இரு பக்கமும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒவ்வொன்றும் வைத்து, வெளிவரும் மின்சாரத்தை ரிமோட்டின் பேட்டரி முனைகளில் சால்டர் செய்யுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பெரிய 7812க்கும் சிறிய 78எல்12க்கும் கால் வரிசை எதிரெதிர். எழுத்துள்ள பக்கம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால், 7812இல் இடமிருந்து வலமாக உள்ளீடு, எர்த், வெளியீடு. 78எல்12இல் வெளியீடு, எர்த், உள்ளீடு. ரிமோட்டை இணைக்கும் முன் வெளியீட்டை மீட்டரில் பார்த்தே தீர வேண்டும்.

நாணய வடிவ சிஆர்2032 பேட்டரி உள்ள 3 வோல்ட் ரிமோட் வைத்திருப்பவர்கள் இதைப் பின்பற்றக் கூடாது. அவர்கள் எல்எம்317எல் ரெகுலேட்டரோடு 240 ஓம், 330 ஓம் ரெசிஸ்டர்களைச் சேர்த்தால் 2.97 வோல்ட் கிடைக்கும்.

முதுநகர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்

மின்சாரம் எடுக்கும் இடத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஹோண்டா வகை ஒயரிங்கில் சாவிக்குப் பின் வரும் பாசிட்டிவ் கருப்பு, எர்த் பச்சை. யமஹாவில் சாவிக்குப் பின் வருவது பிரவுன், எர்த் கருப்பு. ஒன்றில் பாசிட்டிவாக இருக்கும் நிறம் இன்னொன்றில் எர்த்தாக இருப்பதைக் கவனியுங்கள். நிறத்தை நம்பாமல் மீட்டரை நம்புங்கள்: சாவி ஆனில் 12, ஆஃபில் 0 காட்ட வேண்டும், இஞ்சின் ஓடும்போதும் ஏசி வரக் கூடாது. பின் பிரேக் சுவிட்சுக்கு வரும் பாசிட்டிவ் உங்களுக்கு வசதியாக இருக்கும், ஏனென்றால் அது சீட்டுக்கு அருகிலேயே கிடைக்கும். பிரேக்கை மிதிக்காதபோதும் மின்சாரம் இருக்கும் பக்கத்து ஒயரைத்தான் எடுக்க வேண்டும்.

சாவிக்கு முன்னால் பேட்டரியிலிருந்து நேராக எடுக்காதீர்கள். ஆசிரியர் சொன்ன பாதுகாப்புக் காரணம் ஒன்று. இன்னொன்று, ரெகுலேட்டர் சும்மா இருக்கும்போதும் சில மில்லியாம்பியர் குடிக்கும். 5 மில்லியாம்பியர் என்றாலும் நாளுக்கு 120 மில்லியாம்பியர் மணி. 4 ஆம்பியர் மணி பேட்டரி உள்ள வண்டியை ஒரு மாதம் வீட்டில் விட்டுவிட்டு ஊருக்குப் போய்வந்தால் ஸ்டார்ட் ஆகாது.

பொத்தானுக்கு ஹாரன் சுவிட்ச் போன்ற பழைய சுவிட்சைப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். பல வண்டிகளில் ஹாரன் சுவிட்ச் எர்த்தைச் சேர்க்கிறது; இந்த ஐசியோ தன் பொத்தான் காலில் பாசிட்டிவை எதிர்பார்க்கிறது. ஆகவே எந்தப் பக்கமும் சேராத தனிப் பொத்தானை வாங்கி, ரிமோட்டின் ‘மேலே’ பொத்தானுக்கு இணையாக இரண்டு ஒயரை முறுக்கிக் கொண்டுபோங்கள். ரப்பர் மூடியும், தண்ணீரும் தூசியும் புகாத ஐபி67 தரமும் உள்ள பொத்தான் சற்று விலை கூடுதல்தான். இந்த வேலையில் பணம் செலவழிக்க வேண்டிய ஒரே இடம் அதுவே.

காலாப்பட்டு ஆசிரியர்

ரிமோட் வைக்கும் இடம் இன்னும் மீதி இருக்கிறது. நம் ஊரில் விற்கும் ரிமோட்டுகள் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. அதன் அலைநீளம் ஏறக்குறைய 69 சென்டிமீட்டர். ரிமோட்டின் பலகையிலேயே வளையமாக வரைந்த செம்புத் தடம்தான் ஆன்டெனா. உலோகத்தை ஒட்டி வைத்தால் அது இசைவு கெட்டு வீச்சு குறைந்துவிடும். உலோகக் கூட்டுக்குள் வைத்தால் கிட்டத்தட்ட வெளியே வராது. புல்லட்டின் ஹெட்லைட் கூடு உலோகம் என்பதால் அந்த வண்டிக்காரர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். டேங்குக்கு அடியும் ஆகாது, அங்கே இஞ்சின் சூடும் சேரும். சீட்டின் பிளாஸ்டிக் அடித்தளத்துக்குக் கீழே, சேசிஸிலிருந்து இரண்டு மூன்று விரல் விலக்கி, பின்பக்கமாக வைத்தால் நன்றாக இருக்கும். கம்பி ஆன்டெனா உள்ள ரிமோட்டாக இருந்தால் கால் அலைநீளம், அதாவது 17.3 சென்டிமீட்டர் நீளத்தை மாற்றாமல் அப்படியே விடுங்கள்.

ஈரத்தைத் தடுக்கப் பலகைக்கு எலக்ட்ரானிக்ஸுக்கான வார்னிஷ் பூசலாம். கண்ணாடி ஒட்டும் சாதாரண சிலிகானைப் பூசக் கூடாது. உலரும்போது வினிகர் வாசனை வரும் சிலிகானிலிருந்து அசிட்டிக் அமிலம் வெளிப்படுகிறது. அது செம்பை அரிக்கும். உப்புக் காற்று செய்ய ஓராண்டு எடுத்துக்கொள்ளும் வேலையை அது சில வாரங்களில் செய்துவிடும்.

பாதிரிப்புலியூர் புல்லட்

ரோலிங் கோடுக்குத் தனிப் பொத்தான் வேண்டும் என்பதை ஏற்கிறேன். என் வண்டியில் பாஸ் லைட் இணைப்பை மாற்றப் போவதில்லை. நிலைக்குறியீட்டுக்கு அது பொருந்துகிறது. நிலைக்குறியீடு பாதுகாப்பு குறைவு என்று சொல்வீர்கள். 20 பிட் குறியீட்டில் பத்து லட்சத்துக்கு மேல் சேர்க்கைகள் இருக்கின்றனவே?

காலாப்பட்டு ஆசிரியர்

10,48,576 சேர்க்கைகள் உண்டு, ஐயா. ஆனால் யாரும் அவற்றை ஒவ்வொன்றாக முயன்று பார்க்க வேண்டியதில்லை. ஒரு முறை பிடித்துப் பதிவு செய்து, மறுபடி அப்படியே ஒலிபரப்பினால் போதும். தாங்கள் பாஸ் லைட்டோடு இணைத்திருப்பதால், சாலையில் அடிக்கும் ஒவ்வொரு முறையும் தங்கள் கேட்டின் குறியீடு ஊரறிய வெளியே போகிறது. வீட்டு வாசலில் மட்டும் அனுப்பினால் அதைப் பிடிக்க ஒருவர் வாசலுக்கு வர வேண்டும். இப்போது வர வேண்டியதில்லை. வண்டியை மாற்ற வேண்டாம், ரிசீவரையும் ரிமோட்டையும் ரோலிங் கோடுக்கு மாற்றி, தனிப் பொத்தான் வைத்துக்கொள்ளுங்கள் என்றே கேட்டுக்கொள்வேன்.

லாஸ்பேட்டை வாசி

எல்லாப் பொருள்களையும் வாங்கிவிட்டேன். ரெகுலேட்டரைப் பலகையில் வைத்து மீட்டரில் பார்த்ததில் 11.9 காட்டுகிறது. பின் பிரேக் சுவிட்சின் ஒயரும் சாவி ஆனில் மட்டும் மின்சாரம் காட்டுகிறது. கடையில் கொடுத்தது 5 ஆம்பியர் ஃபியூஸ். ரிமோட் எடுப்பது 10 மில்லியாம்பியர்தானே, இது போதுமா?

முதுநகர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்

அது வேண்டாம், தம்பி, அளவு மிக அதிகம். ஃபியூஸ் ரிமோட்டைக் காப்பதற்காக அல்ல, நீங்கள் இழுக்கும் மெல்லிய ஒயரைக் காப்பதற்காக. அந்த ஒயர் எங்காவது உராய்ந்து சேசிஸில் தட்டினால், 5 ஆம்பியர் ஃபியூஸ் போவதற்குள் ஒயர் சூடேறி, பக்கத்தில் ஓடும் பிரேக் லைட் ஒயரையும் உருக்கிவிட வாய்ப்புண்டு. 1 ஆம்பியர் போடுங்கள். அரை ஆம்பியர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஃபியூஸ் கூட்டை ரிமோட் பக்கத்தில் வைக்காமல், மின்சாரம் எடுக்கும் இடத்திலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். ஃபியூஸுக்கு முன்னால் உள்ள ஒயர் நீளம் எவ்வளவோ, அவ்வளவுக்கும் காவல் கிடையாது.